ஃப்ளாட்ஹெட் வி8 எஞ்சினுக்கு ஐந்து கியர் டி5 கியர்பாக்ஸ்: பொருத்துவதற்கு முன் புரிந்துகொள்ள வேண்டியவை

1932-ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம், நடுத்தரக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில், எட்டு சிலிண்டர்கள் கொண்ட வி வடிவ எஞ்சினைத் தன் காரில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. 221 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.6 லிட்டர் கொள்ளளவு கொண்ட அந்த எஞ்சின் முதலில் 65 குதிரைத்திறனைத் தந்தது. வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இல்லாமல் பக்கத்தில், பிளாக்கிலேயே அமைந்திருந்ததால் மேல்மூடி தட்டையாக இருந்தது. அதனால் ஃப்ளாட்ஹெட் என்ற பெயர் நிலைத்தது. அமெரிக்காவில் ஃபோர்டு கார்களில் 1953 வரை இந்த எஞ்சின் பல மாற்றங்களோடு தொடர்ந்து வந்தது. தெற்குக் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் இத்தகைய கார்களை மலிவாக வாங்கி, தேவையற்ற பாகங்களைக் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினைத் திருத்தி, மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டி வேகம் பார்த்தார்கள். அந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்த 1937-இல் தெற்குக் கலிஃபோர்னிய டைமிங் சங்கம் உருவானது. ஹாட் ராட் என்று இன்று நாம் அறியும் கார் வகை அந்த மண்ணில் வளர்ந்ததுதான்.

அந்த எஞ்சின்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டு, புதுப்பிக்கப்பட்டு, ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவற்றோடு வந்த மூன்று கியர் பெட்டி இன்றைய நெடுஞ்சாலைக்கு ஈடுகொடுப்பதில்லை. ஆகவே பலர் 1980-களில் வெளிவந்த போர்க்-வார்னர் டி5 என்ற ஐந்து கியர் பெட்டியை ஃப்ளாட்ஹெட்டின் பின்னால் பொருத்துகிறார்கள். கேட்பதற்கு ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் வேலை போலத் தோன்றும் இது, உண்மையில் காரின் பின்பாதி முழுவதையும் மறுபடி யோசிக்க வைக்கும் வேலை. ஏன் அப்படி என்பதை, கியர்பாக்ஸைத் திறந்து பார்த்திராத ஒருவருக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய பெட்டியின் குறை என்ன?

1932 முதல் 1948 வரையிலான ஃபோர்டு கார்களின் கியர்பாக்ஸில் இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கு மட்டுமே சிங்க்ரோமெஷ் உண்டு; முதல் கியருக்கு இல்லை. வேறுவேறு வேகத்தில் சுழலும் இரண்டு பற்சக்கரங்களைப் பிணைக்க வேண்டுமானால், முதலில் அவற்றின் வேகத்தைச் சமப்படுத்த வேண்டும். ஓடும் பேருந்தில் ஏறுகிறவர் அதன் கூடவே சில அடிகள் ஓடி, வேகம் ஒத்த பிறகு கம்பியைப் பிடித்து ஏறுவதைப் போன்றதே சிங்க்ரோனைசர் வளையத்தின் வேலை. அந்த வளையம் இல்லாத முதல் கியரில், கார் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்போது கியரைப் போட்டால் பற்கள் உரசிக் கத்தும். நெரிசலில் ஊர்ந்து செல்லும் சாலையில் இது ஓட்டுநருக்கு ஓயாத தொல்லை.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. அந்தப் பெட்டியின் மூன்றாவது, அதாவது உச்ச கியர், நேர் விகிதத்தில் இயங்குகிறது. எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் பெட்டியிலிருந்து வெளியேறும் தண்டும் ஒரு சுற்றே சுற்றும். அதன் பிறகு வரும் குறைப்பு முழுவதும் பின் ஆக்ஸிலில் உள்ள கிரவுன், பினியன் என்ற இரண்டு பற்சக்கரங்களின் விகிதத்தைப் பொறுத்தது. அக்காலச் சாலைகளுக்கு ஏற்ப ஃபோர்டு பெரும்பாலும் 3.78 அல்லது 4.11 போன்ற விகிதங்களைக் கொடுத்தது. இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. 28 அங்குல விட்டமுள்ள டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.23 மீட்டர் உருளும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல அது நிமிடத்துக்கு 746 முறை சுற்ற வேண்டும். பின் ஆக்ஸில் விகிதம் 4.11 என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு 3,066 முறை சுழல வேண்டும், 3.78 என்றால் 2,820 முறை. எஞ்சினின் உச்சத் திறன் கிடைக்கும் வேகத்துக்கு இது இன்னும் கீழேதான் என்றாலும், மணிக்கணக்கில் ஓடும் வேகம் அல்ல இது. ஃப்ளாட்ஹெட்டின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம், 3.75 அங்குலம்; பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் அந்த நீளத்தை இருமுறை கடக்கிறது. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குவதற்கோ மூன்று மெயின் பேரிங்குகளே உள்ளன. மேலும் புகை வெளியேறும் பாதைகள் பிளாக்கின் ஊடாகவே, குளிர்நீரைச் சூடேற்றிக்கொண்டு செல்கின்றன. எஞ்சினை மெதுவாகச் சுழலவிட்டு அதே வேகத்தில் பயணம் செய்ய முடிந்தால், சத்தமும் சூடும் எரிபொருள் செலவும் தேய்மானமும் ஒருங்கே குறையும்.

இந்தத் தேவை புதியதன்று. 1930-களிலேயே ஃபோர்டு கார்களுக்குக் கொலம்பியா என்ற இரண்டு வேகப் பின் ஆக்ஸில் தனியாக விற்கப்பட்டது. ஓட்டுநர் விரும்பும்போது விகிதத்தைக் குறைத்து நெடுஞ்சாலையில் எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்கலாம். இன்றைய ஐந்து கியர் பெட்டியின் ஐந்தாவது கியர் அதே வேலையைப் பெட்டிக்குள்ளேயே செய்கிறது. அதன் விகிதம் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே வெளியேறும் தண்டு எஞ்சினைவிட வேகமாகச் சுழல்கிறது. ஓவர்டிரைவ் என்பது இதுதான்.

டி5 ஏன் விரும்பப்படுகிறது, எந்த டி5 நல்லது

போர்க்-வார்னர் டி5 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கன் மோட்டார்ஸ், ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் வாகனங்களிலும் இடம்பெற்றது. முஸ்டாங், கமாரோ, செவ்ரோலே எஸ்-10 சிறு டிரக் என்று பரவலாகப் பயன்பட்டதால் பெட்டிகளும் உதிரிப் பாகங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. அலுமினியக் கூடு என்பதால் எடை குறைவு. முன்னோக்கிய ஐந்து கியர்களுக்கும் சிங்க்ரோமெஷ் உண்டு. கியர் நெம்புகோல் பெட்டியின் மேலிருந்தே எழுகிறது. பழைய காரின் ஒடுக்கமான சட்டத்துக்குள் (சேசிஸ்) அடங்கும் அளவுக்குச் சிறியது என்பதும் முக்கியம்.

ஆனால் டி5 என்பது ஒரே ஒரு பெட்டியன்று. விகிதத்திலும், தண்டின் அளவிலும், பின்கூட்டின் வடிவிலும் மாறுபட்ட ஒரு பெருங்குடும்பம். எஸ்-10 டிரக்கில் வந்த ஒரு பரவலான வகையில் முதல் கியர் 4.03, ஐந்தாவது 0.86. 1985 முதல் 1993 வரையிலான எட்டு சிலிண்டர் முஸ்டாங்கில் முதல் கியர் 3.35, ஐந்தாவது 0.68. நான்கு சிலிண்டர் முஸ்டாங்கின் ஒரு வகையில் 3.97, 0.79. கமாரோவின் எட்டு சிலிண்டர் வகையில் முதல் கியர் 2.95. பழைய பெட்டியை வாங்கப் போகிறவர் விற்பவரின் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். பின்கூட்டின் ஒரு போல்ட்டில் 1352 என்று தொடங்கும் எண் பொறித்த சிறு உலோகத் தகடு இருக்கும். அந்த எண் பெட்டியின் வரலாற்றைச் சொல்லும். தகடு தொலைந்திருந்தால், முதல் கியரைப் போட்டு, எஞ்சின் பக்கமுள்ள முன்தண்டைக் கையால் சுற்றி, பின்தண்டு ஒரு முழுச் சுற்றை முடிக்க முன்தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்த்தாலே போதும்: நான்கு சுற்று என்றால் 4.03 அல்லது 3.97, மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் என்றால் 3.35, மூன்றுக்குச் சற்றுக் குறைவு என்றால் 2.95.

விகிதத்தைத் தேர்வு செய்யும்போது கியர்பாக்ஸை மட்டும் தனியாகப் பார்ப்பதுதான் தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம். டயரைச் சென்று சேர்வது கியர் விகிதமும் பின் ஆக்ஸில் விகிதமும் பெருக்கி வரும் தொகையே. பழைய ஃபோர்டு பெட்டியின் முதல் கியர் 2.82 என்று கொண்டால், 4.11 ஆக்ஸிலோடு பெருக்கி வருவது 11.6. அதே ஆக்ஸிலுக்கு முன்னால் எஸ்-10 பெட்டியை வைத்தால் 4.03 பெருக்கல் 4.11, அதாவது 16.6. இந்த நிலையில் எஞ்சின் 3,000 சுற்றை எட்டும்போது கார் மணிக்கு 24 கிலோமீட்டரைத்தான் தொட்டிருக்கும். சாலைச் சந்திப்பைக் கடப்பதற்குள் கியர் மாற்ற வேண்டிவரும். எடை குறைந்த ஹாட் ராடுக்கு இவ்வளவு குறுகிய முதல் கியரால் பயன் ஏதுமில்லை. இதே எஸ்-10 பெட்டியை 3.00 விகித ஆக்ஸிலோடு சேர்த்தால் முதல் கியரின் தொகை 12.1 ஆகிறது, ஐந்தாவது கியரின் தொகை 2.58, 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 1,925 சுற்றில் இருக்கும். 3.35 முதல் கியர் உள்ள முஸ்டாங் பெட்டியை 3.78 ஆக்ஸிலோடு சேர்த்தாலும் 12.7, 2.57 என்று கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வருகிறோம். பெட்டி எது என்பதைவிட இணை எது என்பதே முக்கியம் என்று இதிலிருந்து தெரியும்.

ஐந்தாவது கியரில் எஞ்சினின் சுற்று எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ணுவதும் தவறு. 239 கன அங்குல ஃப்ளாட்ஹெட்டின் முறுக்குவிசை 2,000 சுற்றை ஒட்டித்தான் உச்சத்தை அடைகிறது; அதற்கு வெகு கீழே எஞ்சினை இழுக்கவிட்டால், சிறு ஏற்றத்திலும் ஆக்ஸிலேட்டரை ஆழமாக மிதிக்க வேண்டிவரும், எஞ்சின் திணறும், ஏற்கெனவே சூடேறும் இயல்புடைய பிளாக் மேலும் சூடேறும். ஆகவே வழக்கமாகப் பயணம் செய்யும் வேகத்தில் எஞ்சின் 2,000-க்கும் 2,400-க்கும் இடையில் இருக்கும்படி அமைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

வலிமையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 1946-இன் 239 கன அங்குல எஞ்சின் 100 குதிரைத்திறனும் 180 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 244 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. 1985 முதல் வந்த எட்டு சிலிண்டர் முஸ்டாங் பெட்டி 265 அடி-பவுண்டுக்கும், 1990 முதல் வந்தது 300 அடி-பவுண்டுக்கும் மதிப்பிடப்பட்டவை. சூப்பர்சார்ஜர் பொருத்தியோ, ஸ்ட்ரோக்கை நீட்டியோ திறனைப் பெருக்கியவர்கள் இந்த முஸ்டாங் பெட்டிகளை நாடுவது நல்லது. இவை வேர்ல்ட் கிளாஸ் என்று அழைக்கப்படும் பிற்கால வகை. இவற்றில் கியர்கள் ஊசி உருளைப் பேரிங்குகளின் மேல் சுழல்கின்றன. முந்திய வகையில் அவை நேரடியாகத் தண்டின் மேலேயே சுழல்கின்றன. வேர்ல்ட் கிளாஸ் பெட்டிக்குத் தானியங்கிக் கியர்பாக்ஸுக்குரிய மெல்லிய எண்ணெயையே ஊற்ற வேண்டும்; கெட்டியான கியர் எண்ணெயை ஊற்றினால் சிங்க்ரோனைசர் வளையங்கள் சரியாகப் பிடிக்காது.

இன்னொன்றும் உண்டு. எஸ்-10 பெட்டியின் நெம்புகோல் மற்ற வகைகளைவிட முன்னால் தள்ளி எழுகிறது. 1932 ஃபோர்டு போன்ற குட்டையான கேபினில் முஸ்டாங்கின் நெம்புகோல் இருக்கையை முட்டும் அளவுக்குப் பின்னால் வந்துவிடும்; எஸ்-10-இன் நெம்புகோலோ பழைய நெம்புகோல் இருந்த இடத்துக்கு அருகிலேயே வரும். எஸ்-10 பெட்டிக்கு ஹாட் ராட் கட்டுபவர்களிடையே இருக்கும் மதிப்புக்கு இதுவே முதல் காரணம். கமாரோவின் பெட்டி, அந்தக் காரில் ஒரு பக்கம் சாய்த்துப் பொருத்துவதற்காக வடிவமைக்கப்பட்டது. தொடக்கநிலையாளர் அதைத் தவிர்ப்பது நல்லது.

பழைய பெட்டி சுமந்த மற்ற வேலைகள்

இனி வருவதுதான் இந்த மாற்றத்தின் உயிர்ப்பகுதி. 1948 வரையிலான ஃபோர்டில் கியர்பாக்ஸ் கியர் மாற்றும் கருவியாக மட்டும் இருக்கவில்லை. காரின் எலும்புக்கூட்டில் ஒரு மூட்டாகவும் இருந்தது. அதைக் கழற்றும்போது அது சுமந்துவந்த ஒவ்வொரு பொறுப்பையும் வேறொரு பாகத்திடம் ஒப்படைத்தாக வேண்டும்.

முதலாவது, எஞ்சினைத் தாங்கும் பொறுப்பு. அந்தக் கார்களில் எஞ்சினின் முன்புறம் முன்தாங்கிகளில் நிற்கிறது. 1937 முதல் நீர்ப்பம்புகளின் வார்ப்பிலேயே அந்தத் தாங்கிகள் சேர்ந்திருந்தன. பின்புறப் பாரமோ கியர்பாக்ஸின் வழியாகவே சட்டத்தின் குறுக்குத் துண்டில் இறங்குகிறது. பழைய பெட்டி போனதும் எஞ்சினின் பின்பாகத்துக்கு ஆதாரமே இல்லாமல் போகிறது. டி5-இன் பின்கூட்டின் அடியில் தாங்கிக்கான இடம் உண்டு. ஆனால் அது பழைய இடத்துக்கு நேராக வராது. எனவே புதிய குறுக்குத் துண்டு ஒன்றைச் செய்து, சட்டத்தோடு உறுதியாகப் பிணைக்க வேண்டும். 1930-களின் சட்டங்களில் நடுவே கே அல்லது எக்ஸ் வடிவில் ஓடும் இரும்புத் துண்டுகள்தான் சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் காக்கின்றன. டி5-க்கு இடம் செய்ய அவற்றில் ஒரு பகுதியை வெட்ட நேர்ந்தால், வெட்டிய வலிமையைச் சுற்றுவழியில் திருப்பிக் கொடுக்கும்படி புதிய துண்டுகளைச் சேர்க்காமல் விடக் கூடாது.

இரண்டாவது, காரை முன்னே தள்ளும் விசையைத் தாங்கும் பொறுப்பு. சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ள, ஆக்ஸில் முன்னோக்கி நகர முயல்கிறது. அந்தத் தள்ளுவிசை எங்காவது ஓர் இடத்தில் சட்டத்துக்குள் நுழைந்தால்தான் கார் நகரும். 1948 வரையிலான ஃபோர்டில், பெட்டியின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு தடித்த குழாய்க்குள் மூடப்பட்டிருந்தது. டார்க் குழாய் எனப்படும் அந்தக் குழாய் பின் ஆக்ஸிலோடு இறுக்கமாகப் பிணைந்து, முன்முனையில் ஒரு பெரிய பந்து மூட்டின் வழியாகக் கியர்பாக்ஸின் பின்பக்கத்தை அழுத்தியது. அதாவது காரைத் தள்ளும் விசை முழுவதும் கியர்பாக்ஸின் முதுகில் விழுந்து, அங்கிருந்து தாங்கிகளின் வழியே சட்டத்துக்குச் சென்றது. டி5-இன் பின்கூடு அதற்காகச் செய்யப்பட்டதன்று. அதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன்முனையான, சறுக்கி நகரும் யோக் ஒன்று மட்டுமே நுழைகிறது, அது சுழற்சியைக் கடத்துமே தவிரத் தள்ளுவிசையைத் தாங்காது. 1949-இல் ஃபோர்டே டார்க் குழாயைக் கைவிட்டு, திறந்த புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கும் நீளவாக்கில் அமைந்த இலை வில்களுக்கும் மாறியது. அங்கே இலை வில்களின் முன்பாதியே தள்ளுவிசையைச் சுமக்கிறது.

ஆகவே 1948-க்கு முந்திய காரில் டி5 வைக்கிறவர் பெரும்பாலும் பின் ஆக்ஸிலையும் மாற்றுகிறார். ஃபோர்டின் 8 அங்குல, 9 அங்குல ஆக்ஸில்கள் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன, அவற்றில் 3.00, 3.25, 3.50 போன்ற விகிதங்கள் கிடைப்பதால் மேலே சொன்ன கணக்கும் எளிதாகிறது. பழைய குறுக்கு இலை வில்லை அழகுக்காக வைத்துக்கொள்ள விரும்பினால், அது தள்ளுவிசையைத் தாங்காது என்பதை நினைவில் வைத்து, ஆக்ஸிலிலிருந்து சட்டத்துக்கு ஓடும் கட்டுத் தண்டுகளை, அதாவது லேடர் பார் அல்லது நான்கு தண்டு அமைப்பைச் சேர்க்க வேண்டும். ஆக்ஸில் முன்பின்னாக நகராமலும், பினியன் மேல்நோக்கித் திருகிக்கொள்ளாமலும் காப்பவை அவையே. வேலையின் செலவிலும் நேரத்திலும் பெரும்பங்கு கியர்பாக்ஸில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. வரவுசெலவு போடும்போது இதை முதலில் எழுதிவிட்டுப் பிறகு பெட்டி தேடப் போவது நன்று.

மூன்றாவது பொறுப்பு மிதிகளுடையது. 1930-களின் தொடக்க மாடல்களில் கிளட்ச், பிரேக் மிதிகளின் தாங்கி கியர்பாக்ஸ் கூட்டோடு சேர்ந்தே இருந்தது. பெட்டியோடு அதுவும் வெளியேறிவிடும் என்பதால் மிதிகளைச் சட்டத்தில் தனியாகத் தாங்க வைக்க வேண்டும்.

அடாப்டர் தட்டும் நேர்க்கோடும்

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, கிளட்ச்சை மூடியபடி இருக்கும் மணி வடிவக் கூடு பெல் ஹவுசிங் எனப்படும். 1932 முதல் 1948 வரையிலான ஃப்ளாட்ஹெட்டில் இந்தக் கூட்டின் மேற்பகுதி பிளாக்கோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கிறது. கீழ்ப்பகுதியை எண்ணெய்த் தொட்டி நிறைவு செய்கிறது. அதைக் கழற்ற முடியாது. எனவே அதன் பின்முகத்தில் ஓர் அடாப்டர் தட்டைப் பொருத்தி, அந்தத் தட்டில் டி5-ஐப் பொருத்த வேண்டும். 1949 முதல் 1953 வரை வந்த, 8பிஏ என்ற எண்ணால் அறியப்படும் எஞ்சினில் பெல் ஹவுசிங் தனியாகக் கழன்று வரும். அங்கே டி5-க்கென்றே செய்யப்பட்ட புதிய பெல் ஹவுசிங்கை நேரடியாக மாட்டலாம். தங்களிடம் இருப்பது எந்த எஞ்சின் என்று உறுதி செய்யாமல் அடாப்டரை வாங்குவது வீண் செலவு. ஃபோர்டில் வந்த டி5-க்கும் ஜெனரல் மோட்டார்ஸில் வந்த டி5-க்கும் முன்முகப் போல்ட் அமைப்பு வேறு என்பதால், அடாப்டர் வாங்கும்போது இரண்டு பக்கத்தையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

அடாப்டர் தட்டு செய்யும் முக்கிய வேலை ஓட்டைகளைப் பொருத்துவதன்று. இரண்டு அச்சுகளை ஒரே நேர்க்கோட்டில் நிறுத்துவது. கிராங்க் ஷாஃப்ட்டின் மையமும் கியர்பாக்ஸின் முன்தண்டின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்தண்டின் பின்பகுதியைப் பெட்டிக்குள் உள்ள பேரிங் பிடித்திருக்க, அதன் முன்நுனி கிராங்க்கின் மையத்தில் உள்ள பைலட் புஷ்ஷில் நுழைந்து தாங்கப்படுகிறது. இரண்டு மையங்களும் விலகியிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் தண்டு வளைக்கப்படும். பைலட் புஷ் தேயும், கிளட்ச் முழுமையாக விடுபடாது, கியர் தானாக வெளியே துள்ளும், நாளடைவில் பேரிங் போய்விடும். இவ்வளவும் தலைமுடிப் பருமன் அளவுள்ள விலகலால் நேர்பவை என்பதால், கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்வதற்கு இங்கே இடமே இல்லை.

பெட்டியை மையத்தில் நிறுத்துவது போல்ட்டுகள் அல்ல. டி5-இன் முன்முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பேரிங் மூடியின் வட்ட விளிம்பு, அடாப்டரின் நடுவிலுள்ள துளைக்குள் இறுக்கமாக அமர்ந்தே மையம் பெறுகிறது. போல்ட்டுகள் அந்த நிலையில் இறுக்கிப் பிடிக்க மட்டுமே. ஆகவே அளக்க வேண்டியது அந்தத் துளையைத்தான். கிராங்க்கின் பின்முனையில் உள்ள கனத்த சக்கரமான ஃப்ளைவீலில், நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் டயல் காஜின் காந்த அடியை நிறுத்தி, அதன் முனையைத் துளையின் உட்சுவரில் தொட வைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். முள் காட்டும் மிகப் பெரிய அளவுக்கும் மிகச் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசம் 0.005 அங்குலத்துக்குள், அதாவது 0.13 மில்லிமீட்டருக்குள் இருப்பது விரும்பத்தக்கது. மையங்களின் உண்மையான விலகல் அந்த வாசிப்பில் பாதிதான் என்பதை மறக்கக் கூடாது, 0.010 அங்குலம் காட்டினால் தட்டை 0.005 அங்குலம் நகர்த்தினால் போதும். நகர்த்துவதற்கென்று மையம் விலகிய டவல் பின்கள் விற்கப்படுகின்றன. பிறகு காஜின் முனையைத் தட்டின் பின்முகத்தில் வைத்து, முகம் கிராங்க்குக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதையும் அதே முறையில் பார்க்க வேண்டும். எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் பழைய வார்ப்பு, இடையில் யார் யாரோ கைவைத்திருக்கக்கூடிய வார்ப்பு என்பதால், அடாப்டர் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டிருந்தாலும் இந்தச் சோதனையைத் தாண்டிச் செல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

நீளத்தையும் அளக்க வேண்டும். முன்தண்டின் நுனி பைலட் புஷ்ஷுக்குள் போதிய ஆழம் நுழைய வேண்டும். ஆனால் கிராங்க்கின் அடியைத் தொடக் கூடாது. தட்டின் பின்முகத்திலிருந்து புஷ் வரையிலான ஆழத்தையும், பெட்டியின் முன்முகத்திலிருந்து தண்டு நுனி வரையிலான நீளத்தையும் அளந்து ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும். பெட்டியை ஏற்றும்போது கடைசி அரை அங்குலம் நுழையாமல் நின்றால், போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்ற ஆசை வரும். அலுமினியக் காது உடைவதும் கிளட்ச் தட்டு வளைவதும் அப்போதுதான். நுழையவில்லை என்றால் ஏதோ ஒன்று இடிக்கிறது என்று பொருள். கழற்றிப் பார்த்தாக வேண்டும்.

கிளட்ச்சில் ஒரு சிறு பொறி இருக்கிறது. பழைய ஃபோர்டு பெட்டியின் முன்தண்டு 1 3/8 அங்குல விட்டமும், கிளட்ச் தட்டோடு பிணைய நீளவாக்கில் வெட்டிய 10 ஸ்ப்ளைன் பற்களும் கொண்டது; முஸ்டாங் டி5-க்கும் 10 பற்கள்தான், விட்டமோ 1 1/16 அங்குலம். எஸ்-10-க்கு 1 அங்குலத்தில் 14 பற்கள். பற்களின் எண்ணிக்கை ஒத்திருக்கிறது என்று பழைய கிளட்ச் தட்டையே மாட்ட முடியாது. வழக்கமான தீர்வு, ஃப்ளாட்ஹெட்டின் ஃப்ளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் வைத்துக்கொண்டு, டி5-இன் ஸ்ப்ளைனுக்கு ஏற்ற நடுத்துளை கொண்ட கிளட்ச் தட்டைத் தேர்ந்தெடுப்பது. பைலட் புஷ்ஷும் புதிய தண்டின் நுனிக்கு ஏற்ற துளையோடு வேண்டும். இது பெரும்பாலும் அடாப்டரோடு சேர்த்தே தரப்படுகிறது.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் முதல் ஓட்டமும்

திறந்த புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் மூட்டுகள் இருக்கும். சாய்ந்த நிலையில் சுழலும் ஒரு மூட்டு, சீரான சுழற்சியை ஒரு சுற்றுக்கு இருமுறை வேகமும் தாமதமுமாக மாற்றிவிடும். இரண்டாவது மூட்டும் அதே அளவு சாய்ந்திருந்தால் அந்த ஏற்றத்தாழ்வு நீங்கிவிடும். இதனால்தான் கியர்பாக்ஸின் தண்டும் பினியனின் தண்டும் பக்கவாட்டில் பார்க்கும்போது இணையாக இருக்க வேண்டும் என்கிறோம். ஒவ்வொரு மூட்டின் சாய்வும் 3 பாகைக்குள் இருப்பது நல்லது; முற்றிலும் பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது, ஏனெனில் அப்போது மூட்டுக்குள் உள்ள ஊசி உருளைகள் உருளாமல் ஒரே இடத்தில் அமர்ந்து குழி விழுந்துவிடும். இந்த அளவுகளைக் கார் தன் முழு எடையோடு சக்கரங்களில் நிற்கும்போதே எடுக்க வேண்டும். ஷாஃப்ட்டின் நீளத்தையும் அப்போதே தீர்மானிக்க வேண்டும். யோக் பெட்டிக்குள் முழுவதும் சென்று இடிக்காமல், ஏறத்தாழ ஓர் அங்குலம் இடம் விட்டிருப்பது வழக்கம். எஸ்-10-இன் யோக்குக்கு 27 பற்கள், முஸ்டாங்கின் யோக்குக்கு 28 பற்கள் என்பதால் யோக்கையும் பெட்டிக்கேற்பவே வாங்க வேண்டும்.

எல்லாம் பூட்டிய பிறகு, முதல் ஓட்டத்தில் கேட்கும் சத்தங்கள் தவறு எங்கே என்று சொல்லிவிடும். நியூட்ரலில், கிளட்ச் மிதியை விட்டிருக்கும்போது உறுமல் கேட்டு, மிதித்ததும் அது நின்றால், குறை முன்தண்டின் பேரிங்கிலோ பெட்டிக்குள்ளேயோ இருக்கிறது. மிதியை லேசாகத் தொட்டதுமே சத்தம் தொடங்கினால் மிதித்ததும் கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். காரை நிறுத்தி, கியரைப் போட்டு, மிதியை முழுவதும் அழுத்தியிருக்கும்போது மட்டும் கீச்சிட்டால், நின்றுவிட்ட தண்டின் நுனியைச் சுற்றிக் கிராங்க் சுழலும் இடமான பைலட் புஷ்தான் காரணம். அப்போது டயல் காஜை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். அதிர்வு ஏற்பட்டால், ஓடும்போதே கிளட்ச்சை மிதித்து எஞ்சினின் சுற்றைக் குறைத்துப் பார்க்கலாம்: அதிர்வும் குறைந்தால் அது கிளட்ச்சையோ ஃப்ளைவீலையோ சேர்ந்தது, எஞ்சின் தணிந்த பிறகும் காரின் வேகத்தோடு அது தொடர்ந்தால், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணங்களையும் சமநிலையையும் மீண்டும் அளக்க வேண்டும்.